கோடை முடியும் வேளையில் கோடிக்கரை



கோடை எப்போது முடிகிறது? "பள்ளி திறக்கும்போது" என்று நீங்கள் சிரித்துக்கொண்டே சொல்லலாம். ஆனால் தமிழகத்தின் கீழைக் கடற்கரையில் வாழும் விலங்குகளுக்கும் செடிகொடிகளுக்கும் அந்தக் கணக்குப் பொருந்தாது. அங்கே ஆண்டு மழையின் பெரும்பகுதி வடகிழக்குப் பருவக்காற்றால் கிடைக்கிறது. அக்டோபரில் அந்த மழை தொடங்கும் வரை நிலம் காய்ந்தேதான் கிடக்கும். ஆகவே ஆகஸ்டும் செப்டம்பரும்தான் அங்கே உண்மையான கோடைக் கடைசி. குளங்கள் வற்றிவிடும், புல் பழுத்துவிடும், மேய்ச்சல் குறையும்.

இந்தக் கடினமான இரண்டு மாதங்களில் ஒரு வனவிலங்குப் புகலிடத்தில் என்னென்ன நடக்கின்றன? இதை அறிய நாகப்பட்டினம் மாவட்டத்தில் வேதாரண்யத்துக்குத் தெற்கே உள்ள கோடிக்கரையைவிடச் சிறந்த இடம் இல்லை.

இடம் எப்படிப்பட்டது?

தமிழகத்தின் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். சோழமண்டலக் கடற்கரை வடக்கிலிருந்து தெற்கு நோக்கி ஓடிவந்து, ஓரிடத்தில் முழங்கையைப்போல மடங்கி மேற்கே திரும்புகிறது. அந்த மூலைதான் கோடிக்கரை. கிழக்கே வங்காள விரிகுடா. தெற்கே பாக் நீரிணை. வட அட்சரேகை 10 பாகைக்குச் சற்று மேலே இது அமைந்திருக்கிறது.

இங்கே மூன்று வகையான நிலங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. முதலாவது, மணல் மேடுகளின்மேல் வளர்ந்த உலர் பசுமைமாறாக் காடு. பாலை மரம் இக்காட்டின் முக்கியமான மரம். இதே மரம் இலங்கையின் வறண்ட பகுதிக் காடுகளிலும் உண்டு. இரண்டாவது, திறந்த புல்வெளி. மூன்றாவது, கடல்நீரும் மழைநீரும் மாறி மாறி நிறையும் பரந்த உவர்ச் சதுப்பு நிலம். அதை ஒட்டி உப்பளங்கள் பரந்து கிடக்கின்றன. 1930-ல் இராஜாஜியின் தலைமையில் உப்புச் சத்தியாக்கிரகம் நடந்த வேதாரண்யம் இதுதான் என்பதை வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள்.

1967-ல் கோடிக்கரை வனவிலங்குப் புகலிடமாக அறிவிக்கப்பட்டது. 2002-ல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலாகிய ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அதன்பின் 2022 வரை தமிழ்நாட்டிலிருந்து அப்பட்டியலில் இருந்த இடம் இது ஒன்றே.

காய்ந்த புல்வெளியில் இரலைகள்

புகலிடம் அமைக்கப்பட்டதன் முதல் நோக்கம் வெளிமானைக் காப்பது. பெயரில் மான் என்று இருந்தாலும் இது உண்மையில் இரலை இனத்தைச் சேர்ந்தது. என்ன வேறுபாடு? புள்ளிமான் போன்ற மான்களின் கொம்பு கிளைவிட்டு வளரும். விழுந்து மீண்டும் முளைக்கும். இரலையின் கொம்பு கிளைவிடாது. வாழ்நாள் முழுவதும் விழாது. வெளிமானில் ஆணுக்கு மட்டுமே முறுக்கிய நீண்ட கொம்பு உண்டு. வளர்ந்த ஆணின் முதுகு கருமையாகவும் வயிறு வெண்மையாகவும் இருக்கும். பெண்ணும் குட்டியும் மஞ்சள் கலந்த பழுப்பு நிறம். கோடிக்கரையில் புள்ளிமானும் உள்ளதால் இரண்டையும் ஒரே நாளில் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

வெளிமானின் முக்கிய உணவு புல். கோடைக் கடைசியில் பசும்புல் இல்லாதபோது அது என்ன செய்யும்? உதிர்ந்த காய்களையும் எட்டும் உயரத்திலுள்ள இலைகளையும் தேடும். அப்போது எளிதாகக் கிடைப்பது சீமைக் கருவேலின் காய். இனிப்பும் சத்தும் நிறைந்த இந்தக் காய் பஞ்ச காலத்தில் பெரிய உதவிதான். ஆனால் இந்த உதவிக்கு ஒரு விலை இருக்கிறது.

உதவி செய்யும் மரமே ஊறு செய்வது எப்படி?

சீமைக் கருவேல் நம் நாட்டு மரமன்று. அமெரிக்கக் கண்டத்திலிருந்து 19-ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. இதன் காயைத் தின்னும் விலங்கின் குடலில் சதைப்பகுதி செரித்துவிடும். கடினமான விதை செரிக்காமல் சாணத்தோடு வெளியே வரும். வரும்போது முளைக்கத் தயாரான நிலையில், எருவோடு சேர்ந்தே வருகிறது!

குஜராத்தில் உள்ள வேளாவதார் புல்வெளியில் வெளிமான்களைப் பற்றிச் செய்த ஆராய்ச்சி ஒன்று வியப்பான செய்தியைத் தந்தது. ஆண் வெளிமான் தனக்கென ஓர் எல்லையை வகுத்துக்கொண்டு அதைக் காத்து நிற்கும். அந்த எல்லைக்குள் மீண்டும் மீண்டும் ஒரே இடத்தில் புழுக்கை போடும். இத்தகைய எல்லைகள் திறந்த புல்வெளியில்தான் இருக்கும். ஆகவே விதைகள் மற்ற இடங்களைவிட ஆண்கள் நிற்கும் திறந்த வெளியிலேயே மிகுதியாகக் குவிகின்றன. அங்கே முட்செடிகள் முளைத்தால் என்ன ஆகும்? புல் குறையும். தூரத்திலிருந்தே பகையைக் கண்டு ஓடித் தப்பும் வெளிமானுக்குத் தேவையான திறந்த வெளியும் மறையும்.

பஞ்சத்தில் உணவு தரும் மரம், நாளடைவில் புல்வெளியையே விழுங்குகிறது. தன் வீட்டை அழிக்கும் விதையைத் தானே சுமந்து சென்று விதைக்கிறது விலங்கு! இயற்கையில் "நல்லது", "கெட்டது" என்று ஒரே சொல்லில் தீர்ப்புச் சொல்வது எவ்வளவு கடினம் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

கோடிக்கரையில் திரியும் குதிரைகளும் இந்தக் கணக்கில் சேரும். காட்டுக் குதிரை என்று இவற்றை அழைத்தாலும், மனிதர் வளர்த்து விட்டுவிட்ட குதிரைகளின் வழிவந்தவையே இவை. அவையும் புல்லைத்தான் மேய்கின்றன. கோடைக் கடைசியில் ஒரே புல்லுக்கு இரண்டு விலங்குகள் போட்டியிடுகின்றன. 2018 நவம்பரில் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல் இங்கே ஏராளமான மரங்களைச் சாய்த்தது, விலங்குகளும் மாண்டன. ஒரு சிறு இடத்தில் அடைபட்டு வாழும் கூட்டத்துக்கு ஒரே ஓர் இரவும் பேரிடியாகலாம்.

வடக்கேயிருந்து முதல் விருந்தினர்

இனிச் சதுப்பு நிலத்துக்கு வருவோம். ஆகஸ்டில் இதன் பெரும்பகுதி காய்ந்து, உப்புப் பூத்து வெண்மையாகக் கிடக்கும். ஓரங்களில் உமரிச் செடிகள் செந்நிறம் பூண்டிருக்கும். உயிரே இல்லாதது போன்ற தோற்றம். ஆனால் நீர் எஞ்சியுள்ள விளிம்புகளையும் உப்பளப் பாத்திகளையும் கூர்ந்து பாருங்கள். சேற்றில் வேகவேகமாகக் குத்தியபடி சிறு பறவைகள் ஓடுகின்றன அல்லவா?

அவற்றில் சிட்டுக்குருவி அளவே உள்ளது கொசு உள்ளான். அதைவிடச் சற்றுப் பெரியது, கீழ்நோக்கி வளைந்த கரிய அலகுடையது, வளைமூக்கு உள்ளான். அது பறக்கும்போது வால் தொடங்கும் இடத்தில் வெள்ளைப் பட்டை பளிச்சென்று தெரியும். இவை இரண்டும் நம் நாட்டில் கூடு கட்டுவதில்லை. வளைமூக்கு உள்ளான் சைபீரியாவின் வடகோடியில், ஆர்க்டிக் கடலை ஒட்டிய மரமற்ற தூந்திரப் பகுதியில் முட்டையிடுகிறது.

அங்கிருந்து இங்கே எவ்வளவு தூரம்? நீங்களே கணக்கிடலாம். சைபீரியாவின் தைமீர் தீபகற்பம் ஏறத்தாழ 75 பாகை வட அட்சரேகையில் உள்ளது. கோடிக்கரை சுமார் 10 பாகையில் உள்ளது. வேறுபாடு 65 பாகை. ஓர் அட்சப் பாகைக்குச் சுமார் 111 கி.மீ. எனக் கொண்டால்,

65 × 111 = 7,215 கி.மீ.

இது வடக்கு தெற்காக அளந்த குறைந்த அளவுத் தூரம். பறவை செல்லும் வழி இதைவிட நீளமாகவே இருக்கும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் ஓயாமல் பறந்தாலும் 120 மணி, அதாவது 5 நாள் ஆகும். பறப்பது யார்? ஏறத்தாழ 60 கிராம் எடையுள்ள ஒரு பறவை!

இதற்கு வேண்டிய எரிபொருள் கொழுப்பு. ஒரு கிராம் மாவுப்பொருள் சுமார் 4 கிலோ கலோரி ஆற்றலைத் தரும். ஒரு கிராம் கொழுப்பு சுமார் 9 கிலோ கலோரி தரும். குறைந்த சுமையில் நிறைந்த ஆற்றல்! வலசைக்கு முன் இரவு பகலாகத் தின்று, உடல் எடையை ஒன்றரை மடங்குக்கும் மேலாகப் பெருக்கிக்கொள்ளும் உள்ளான்கள் உண்டு. வழியில் கொழுப்புத் தீர்ந்தால் இறங்கி நிரப்பிக்கொள்ள ஈரநிலம் வேண்டும். நெடுஞ்சாலையில் செல்லும் வண்டிக்கு எண்ணெய் நிலையம் எப்படியோ, வலசைப் பறவைக்குச் சேற்று நிலம் அப்படி.

இவ்வளவு சீக்கிரம் வருவது ஏன்?

ஆகஸ்டில் சைபீரியாவில் குளிர் இன்னும் முற்றவில்லை. பின் ஏன் இப்போதே புறப்பட்டு வருகின்றன? தூந்திரத்தின் கோடை மிகவும் குறுகியது. ஜூனில் பனி உருகியதும் பூச்சிகள் பெருகும். அதற்குள் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்தாக வேண்டும். வளைமூக்கு உள்ளானில் அடைகாப்பதும் குஞ்சைக் காப்பதும் பெண்ணின் வேலை. ஆணுக்கு அங்கே மேற்கொண்டு வேலை இல்லை. ஆகவே ஜூலைத் தொடக்கத்திலேயே அது தெற்கே கிளம்பிவிடும். குஞ்சுகள் வளர்ந்தபின் பெண்களும் புறப்படும். கடைசியில்தான் இளம் பறவைகள் வரும்.

ஆகவே தெற்கே வரும் கூட்டங்களில் ஓர் ஒழுங்கு இருக்கிறது: முதலில் ஆண்கள், பின்னர் பெண்கள், இறுதியில் இளையவை. இதைக் கண்ணால் கண்டறிய முடியுமா? முடியும்.

முதிய பறவைகள் தூந்திரத்தில் இருக்கும்போது செங்கல் நிறத்தில் இருக்கும். இங்கே வந்து சேரும்போது அந்தச் சிவப்பு, தேய்ந்த வண்ணம்போல் திட்டுத் திட்டாக மார்பில் எஞ்சியிருக்கும். சில வாரங்களில் இறகு உதிர்ந்து, மேலே சாம்பலும் கீழே வெண்மையுமாக மாறும். இளம் பறவையின் முதுகில் ஒவ்வோர் இறகின் ஓரத்திலும் வெளிர்க்கோடு இருப்பதால், மீன் செதில் அடுக்கியது போல் தெரியும். மார்பில் மெல்லிய மஞ்சள் சாயல் இருக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. சென்ற ஆண்டு வந்த இளம் பறவைகள் சில, முதல் கோடையில் வடக்கே திரும்பாமல் தெற்கிலேயே தங்கிவிடுவதுண்டு. ஆகவே ஜூலையில் ஒரு சாம்பல் நிறப் பறவையைக் கண்டால், "புதிதாக வந்துவிட்டது" என்று அவசரப்பட்டு எழுதிவிடக் கூடாது. அது திரும்பிப் போகாத பறவையாகவும் இருக்கலாம். சிவப்புத் திட்டு இருந்தால்தான் வந்திறங்கிய முதிய பறவை என்று துணிந்து சொல்லலாம்.

வழி காட்டுவது யார்?

தாய் தந்தையர் முன்னரே போய்விட்டனர். பிறந்து சில வாரங்களே ஆன பறவைக்கு யார் வழி சொன்னார்கள்? இந்த வினாவுக்கு விடை தேடி 1950-களில் ஐரோப்பாவில் ஒரு சோதனை நடந்தது. ஆலந்து நாட்டின் வழியே வலசை சென்ற ஆயிரக்கணக்கான மைனா இனப் பறவைகளைப் பிடித்து, விமானத்தில் சுவிட்சர்லாந்துக்குக் கொண்டுசென்று விடுவித்தார்கள். முன்பே பயணம் செய்து பழகிய முதிய பறவைகள், தாம் இடம் மாறியதை உணர்ந்து திசையைத் திருத்திக்கொண்டு, வழக்கமான குளிர்கால இடம் நோக்கிச் சென்றன. இளம் பறவைகளோ, ஆலந்திலிருந்து எந்தத் திசையில் பறந்திருக்குமோ அதே திசையில் பறந்து, பிரான்சின் தெற்கிலும் ஸ்பெயினிலும் போய்ச் சேர்ந்தன!

இதிலிருந்து என்ன தெரிகிறது? இந்த இனத்தில் எந்தத் திசையில் பறப்பது என்ற உணர்வு பிறவியிலேயே வருகிறது. இடத்தை அறிந்து வழியைத் திருத்திக்கொள்ளும் திறமை அனுபவத்தால் வருகிறது.

எலியும் நரியும் கோடிக்கரையும்

இப்போது ஒரு புதிர். கூட்டத்தில் இளம் பறவைகள் ஓர் ஆண்டில் நிறைய இருக்கின்றன; வேறோர் ஆண்டில் அரிதாகிவிடுகின்றன. ஏன்?

விடை தூந்திரத்தில் வாழும் லெம்மிங் என்னும் எலி போன்ற விலங்கிடம் இருக்கிறது. இது மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகி, பின் சட்டென்று குறைந்துவிடும். பெருகிய ஆண்டில் துருவ நரி இதையே வயிறாரத் தின்று தானும் பெருகும். அடுத்த ஆண்டு லெம்மிங் குறைந்துவிட்டால், பசித்த நரிகள் என்ன செய்யும்? தரையில் கூடு கட்டும் உள்ளான்களின் முட்டைகளையும் குஞ்சுகளையும் தேடித் தின்னும். அந்த ஆண்டு தெற்கே வரும் இளம் பறவைகள் மிகக் குறையும். ஐரோப்பாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் வளைமூக்கு உள்ளான்களைப் பல ஆண்டுகள் எண்ணிப் பார்த்தவர்கள் இந்தத் தொடர்பைக் கண்டுபிடித்தார்கள்.

ஓர் எடுத்துக்காட்டுக்காக இரண்டு எண்களை வைத்துக்கொள்வோம். ஒரு செப்டம்பரில் 100 பறவைகளில் 30 இளையவை. மறு செப்டம்பரில் 100-க்கு 4 மட்டுமே. முதல் ஆண்டில் நரிக்கு எலி கிடைத்தது. இரண்டாம் ஆண்டில் கிடைக்கவில்லை என்று ஊகிக்க இடமுண்டு. 7,000 கி.மீ.க்கு அப்பால் நடந்த செய்தியை நம் கடற்கரைச் சேற்றில் நின்றபடி படிக்கலாம்!

வளையம் சொல்லும் கதை

இந்தப் பறவைகள் எங்கிருந்து வருகின்றன என்று தெரிந்தது எப்படி? 1883-ல் தொடங்கிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம், 1959-ல் சலீம் அலியின் தலைமையில் பெரிய அளவில் பறவை வலசை ஆய்வை மேற்கொண்டது. பறவைகள் நோய்க்கிருமிகளைச் சுமந்து வருகின்றனவா என்று அறிய விரும்பிய உலக சுகாதார நிறுவனம் உதவி செய்தது. பின்னர் கோடிக்கரை இந்த ஆய்வின் முக்கியக் களங்களுள் ஒன்றாகியது. பறவையை வலையில் மெதுவாகப் பிடித்து, எடையும் இறகின் நீளமும் அளந்து, காலில் எண் பொறித்த இலேசான உலோக வளையம் மாட்டி விட்டுவிடுவார்கள். அதே எண்ணுள்ள பறவை வேறோர் ஊரில் அகப்பட்டால் அதன் வழியும் வயதும் புலப்படும்.

நீண்ட காலம் எண்ணியதால் வருத்தமான செய்தியும் தெரிந்தது. கோடிக்கரைக்கு வரும் சிறு உள்ளான்களின் எண்ணிக்கை முற்காலத்தைவிடக் குறைந்துவிட்டதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். உலக அளவிலும் இதே நிலைதான்: 2024-ல் வளைமூக்கு உள்ளான், அழிவுக்கு ஆளாகக்கூடிய இனங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. நன்னீர் வரத்துக் குறைவது, சதுப்பின் உப்புத்தன்மை மாறுவது, வழியிலுள்ள சேற்று நிலங்கள் மறைவது, துருவப் பகுதி வெப்பமாவது ஆகிய யாவும் இதில் பங்கு பெறக்கூடும். ஒரு சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் சங்கிலி அறுந்ததுதான். சைபீரியாவை மட்டும் காத்துப் பயனில்லை. கோடிக்கரையை மட்டும் காத்தாலும் போதாது.

நீங்களும் செய்து பாருங்கள்

கோடிக்கரைக்குப் போக முடியாதவர்கள் வருந்த வேண்டாம். உங்கள் ஊர் ஏரி, கழிமுகம், வற்றிய கண்மாய் எதுவானாலும் சரி.

1. ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை வாரம் ஒருமுறை, ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் நின்று பாருங்கள். ஆசிரியரையோ பெரியவரையோ உடன் அழைத்துச் செல்லுங்கள்.

2. நாள், நேரம், காற்று, நீரின் அளவு, பறவையின் பெயர், எண்ணிக்கை ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் அலகு, கால், நிறம் ஆகியவற்றை வரைந்துகொள்ளுங்கள். ஊகத்தை ஊகம் என்றே குறியுங்கள்.

3. ஒன்றும் காணாத நாளையும் "0" என்று எழுதுங்கள். அறிவியலில் சுழியும் ஒரு செய்தியே.

4. பறவைகள் தலை தூக்கிப் பார்க்கத் தொடங்கினால் அங்கேயே நில்லுங்கள். நாம் விரட்டும் ஒவ்வொரு முறையும் அவை சேர்த்த கொழுப்பு வீணாகிறது.

5. மூன்று மாத எண்ணிக்கையை வரைபடமாக வரையுங்கள். எந்த வாரம் கோடு ஏறியது? மழைக்கு முன்பா, பின்பா?

சிந்தித்து விடை எழுதுக

அ. சீமைக் கருவேலை ஒரே ஆண்டில் முற்றிலும் அகற்றிவிட்டால் அந்தக் கோடையில் வெளிமானுக்கு என்ன நேரும்? எந்த முறையில், எந்தப் பருவத்தில் அகற்றலாம்?

ஆ. இளம் பறவைகளே இல்லாத ஒரு செப்டம்பர் கூட்டத்தைக் கண்டால், லெம்மிங் தவிர வேறு என்ன காரணங்கள் இருக்கலாம்?

இ. 60 கிராம் எடையுள்ள பறவை 25 கிராம் கொழுப்பைச் சேர்த்தால், அதில் எத்தனை கிலோ கலோரி ஆற்றல் இருக்கும்?

விடைகளை வகுப்பில் விவாதியுங்கள். முதல் இரண்டு வினாக்களுக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் உண்டு. உங்கள் குறிப்பேட்டை மட்டும் பத்திரமாக வைத்திருங்கள். பத்து ஆண்டுகளுக்குப் பிறகு உங்கள் ஊர் ஏரியில் என்ன மாறியது என்று யாராவது கேட்டால், அதற்கு விடை அதில்தான் இருக்கும்.